விழுங்கியதைத் திருப்பித் தரும் மலை!

தான் விழுங்கியதைப் பத்திரமாக வைத்திருந்து, பல ஆண்டுகள் கழித்துத் திருப்பித் தருகிறது ஒரு மலை. இது கதை அல்ல, உண்மை!

அந்த மலையின் பெயர் மான்ட் பிளாங்க். பிரெஞ்சு மொழியில் இதற்கு "வெள்ளை மலை" என்று பொருள். ஐரோப்பாவில் உள்ள ஆல்ப்ஸ் மலைத் தொடரில் மிக உயரமான சிகரம் இதுதான். பிரான்ஸ் - இத்தாலி எல்லையில் இருக்கிறது.

2023-ம் ஆண்டில் அளந்தபோது இதன் உயரம் 4,805 மீட்டர். அதாவது ஏறக்குறைய 15,770 அடி. இதன் உச்சியைப் பனி தொப்பி போல மூடி இருக்கிறது. பனி கூடினால் மலையும் உயரும். பனி குறைந்தால் மலையும் குறையும்!

நகரும் பனி

உச்சியில் பெய்யும் பனி எல்லாம் கரைந்து விடுவது இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்து, அழுத்தத்தால் கெட்டியான பனிக்கட்டி ஆகிறது. பிறகு தன் பாரம் தாங்காமல் சரிவில் மெதுவாக நகருகிறது. இதுதான் பனியாறு. உச்சிப் பகுதியில் புறப்பட்டு, சமோனி என்ற ஊரை நோக்கி இறங்கும் பனியாற்றுக்குப் பாசோன் என்று பெயர்.

பனியாறு நகரும்போது அதில் பெரிய வெடிப்புகள் உண்டாகும். புதிதாகப் பெய்த பனி, பாய் விரித்ததுபோல அவற்றை மூடிவிடும். கால் வைத்தால் பாதாளம்தான்! ஆகவே மலை ஏறுகிறவர்கள் ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் விழுந்தால், மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள்.

26 ஆண்டு காத்திருந்த பரிசு

ஜெனீவாவைச் சேர்ந்த அறிஞர் சொசூர், "உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு" என்று 1760-ல் அறிவித்தார். 26 ஆண்டுகள் ஓடின. 1786 ஆகஸ்டு 8-ந்தேதி சமோனியைச் சேர்ந்த இருவர் உச்சியில் கால் வைத்தார்கள். ஒருவர் பக்கார்டு, டாக்டர். மற்றவர் பால்மா, மலையில் படிகக் கற்கள் தேடி விற்பவர். 1808-ல் மரி பாரடி என்ற ஏழைப் பெண்ணும் ஏறிவிட்டார். உச்சியை எட்டிய முதல் பெண் அவர்தான்.

மூன்று வழிகள்

பழைய வழி, சமோனியில் இருந்து பனியாற்றின் மீதே செல்கிறது. மேலே தொங்கும் பனிப்பாளங்கள் எந்த நேரமும் சரியலாம்.

இரண்டாவது, மேற்கே உள்ள கூத்தே வழி. அதிகம் பேர் செல்வது இதில்தான். 12,500 அடிக்கும் மேலே தங்கும் விடுதி உண்டு. ஆனால் அதற்கு முன் ஒரு செங்குத்தான பள்ளத்தைக் குறுக்கே கடக்கவேண்டும். அங்கே மேலிருந்து கற்கள் உருண்டு வரும். வெயில் ஏறினால் கற்களைப் பிடித்திருக்கும் பனி இளகும், ஆபத்து அதிகம். ஆகவே அதிகாலையிலேயே கடக்கிறார்கள்.

மூன்றாவது வழிக்கு, 12,000 அடிக்கும் மேலே ரோப் காரில் போய்விடலாம். பிறகு இரண்டு சிகரங்களின் தோள்களைத் தாண்டி, மூன்றாவதாக மான்ட் பிளாங்க் உச்சியை அடையவேண்டும்.

தப்பாத கணக்கு

1820-ல் பனிச்சரிவில் 3 வழிகாட்டிகள் வெடிப்புக்குள் விழுந்து மறைந்தார்கள். பனியாறு நகரும் வேகத்தை ஆராய்ந்த ஃபோர்ப்ஸ் என்ற விஞ்ஞானி, "சுமார் 40 ஆண்டில் உடல்கள் கீழே வரும்" என்றார். 1861-ல் பாசோன் பனியாற்றின் அடியில் உடல்களின் பகுதிகளும் துணிகளும் வெளிப்பட்டன. அன்று உயிர் தப்பிய வழிகாட்டி ஒருவர், கிழவராக வந்து அடையாளம் காட்டினார்!

இந்தியாவின் துயரம்

இந்த மலை இந்தியாவையும் அழவைத்தது. 1950 நவம்பர் 3-ந்தேதி "மலபார் பிரின்சஸ்" என்ற ஏர் இந்தியா விமானம் இதில் மோதியது. 48 பேர் இறந்தார்கள். 1966 ஜனவரி 24-ந்தேதி "கஞ்சன்ஜங்கா" என்ற ஏர் இந்தியா விமானம், ஏறக்குறைய அதே இடத்தில் மோதியது. 117 பேர் மாண்டார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் அவர்களில் ஒருவர்.

பனி மூடியது. பனியாறு நகர்ந்தது. 2012-ல் இந்திய வெளிநாட்டு அமைச்சகத்தின் தபால் பை கிடைத்தது. 2013-ல் மலை ஏறிய ஓர் இளைஞர், மரகதமும் நீலமும் நிறைந்த பெட்டியைக் கண்டெடுத்தார். அதை அப்படியே போலீசில் ஒப்படைத்தார்! உரியவர்கள் கிடைக்கவில்லை. 2021-ல் பாதியை அவரிடமே கொடுத்தார்கள். மீதிப் பாதி சமோனி நகராட்சிக்குச் சேர்ந்தது.

இப்போது உலகம் சூடேறுவதால் பனியாறுகள் வேகமாகக் கரைகின்றன. புதைந்தவை ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கோடையில் வெயில் கடுமையானால், கல் விழும் பயத்தால் விடுதிகளையும் மூடவேண்டி வருகிறது.

2020-ல் அந்தப் பனியில் சில இந்தியப் பத்திரிகைகள் அகப்பட்டன. இந்திரா காந்தி பிரதமராவது பற்றிய தலைப்புச் செய்தி அவற்றில் இருந்தது. 54 ஆண்டுகளுக்குப் பிறகும் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. விமானத்தில் அதைக் கையில் வைத்திருந்தவர் யாரோ! படித்து முடித்தாரோ, இல்லையோ!