குட்டையை ஆழப்படுத்துமுன் கசிவைப் பாருங்கள்

கோடை பிறந்ததும் பண்ணைக் குட்டையை ஆழப்படுத்த நினைக்கும் மானாவாரி விவசாயிகள் பலர். ஆனால் ஆழம் கூடினால் நீரும் கூடுதலாக நிற்கும் என்று சொல்வதற்கில்லை. செம்மண் நிலங்களில் பல இடங்களில் மேலே களி கலந்த மண்ணும் அடியில் சரளையும் இருக்கும். வெட்டும்போது சரளையைத் தொட்டுவிட்டால், மாசி வரை நின்ற நீர் மார்கழியிலேயே வற்றிவிடும். கூலியும் வீண், நீரும் வீண்.

ஆகவே, குட்டையில் நீர் இருக்கும்போதே கசிவைச் சோதிப்பது நலம். வாளி ஒன்றில் முக்கால் பங்கு நீர் நிரப்பி, குட்டை ஓரத்தில் பாதி அமிழும்படி கல் மேல் வைக்கவும். வாளியின் உட்புறத்திலும், குட்டையில் நட்ட குச்சியிலும் நீர்மட்டத்தைக் குறிக்கவும். மழையில்லாத நான்கு நாட்கள், நீர் இறைக்காமலும் மாடுகளை விடாமலும் பார்க்கவும். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது வெயிலில் ஆவியானது. குட்டையில் அதிகம் குறைந்தால் அந்த வித்தியாசமே கசிவு.

கரையின் வெளிப்புறம் ஈரம் தெரிந்தால் எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரவேர் ஆகியவற்றைத் தேடவும். அந்த இடத்தைத் தோண்டி, ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசு போட வேண்டும். அடியில் கசிந்தால், குட்டை காய்ந்தபின் அரை அடி வீதம் இரண்டு அடுக்குக் களிமண் பரப்பி இறுக்கவும். ஆழப்படுத்த விரும்புவோர், குட்டைக்கு வெளியே சற்றுத் தள்ளிச் சோதனைக் குழி வெட்டி அடிமண்ணைப் பார்த்த பிறகே தொடங்கலாம்.

மேலே 15 மீட்டர் சதுரம், அடியில் 11 மீட்டர் சதுரம், ஆழம் 2 மீட்டர் உள்ள குட்டை சுமார் 3,40,000 லிட்டர் கொள்ளும். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் பாய்ச்சச் சுமார் 2,00,000 லிட்டர் தேவை. பூவும் பிஞ்சுமான பயிர் மழை தவறி வாடும்போது, இந்த ஒரு தண்ணீர்தான் மகசூலைக் காப்பாற்றும். கசிவை அடைப்பதன் பலன் இதுவே.

நீர் நுழையும் வாய்க்காலில் சிறு வண்டல் குழி வெட்டினால் குட்டை விரைவில் தூர்ந்து போகாது. குழியில் சேரும் வண்டல் வயலுக்கு உரமாகும். மிகைநீர் வெளியேறும் மறுகால், கரையின் உச்சிக்கு ஒன்றரை அடியாவது கீழே இருக்க வேண்டும். அங்கே கல் பாவாவிட்டால் ஒரே பெருமழையில் கரை உடையும். கரையில் மரம் வேண்டாம். வெட்டிவேரும் அருகும் மண்ணைப் பிடித்து நிற்கும். குழந்தைகள் தவறி விழாதிருக்க வேலி அவசியம்.

வேலை தொடங்குமுன் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி, மண்ணுக்கேற்ற சரிவையும் மானிய விவரத்தையும் கேட்டறியவும்.