ஆட்டக் குழுவினின்று ஒருவரை விலக்கும் முறை

ஒரு கூட்டத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்வது எளிது. சேர்ந்தவரை விலக்குவதோ அரிது. நாடகக் குழுவுக்கும் வாசிகசாலைச் சங்கத்துக்கும் பொருந்துகின்ற இவ்வுண்மை, இணையத்தின் வழியே கூடி விளையாடுகின்ற பாத்திர ஆட்டக் குழுக்களுக்கும் பொருந்தும். முகம் காணாத தோழமைதானே, பெயரை அழித்துவிட்டால் காரியம் முடிந்தது எனச் சிலர் எண்ணுவர். அது அவ்வளவில் முடிவதன்று.

பாத்திர ஆட்டம் என்பது யாது? சிலர் ஒன்றுகூடி, ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் வேடத்தை ஏற்பர். ஆட்டத் தலைவர் களத்தை விவரிப்பார். தம் பாத்திரம் என்ன செய்கின்றது என ஏனையோர் சொல்லச் சொல்லக் கதை வளரும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வாட்டத்துக்கு ஓர் ஒழுங்கான வடிவத்தைத் தந்தது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர் ரோய் ட்ரப்ஷோ, கணினியில் ‘மட்’ என்னும் ஆட்டத்தைத் தொடங்கினார். ரிச்சட் பார்ட்டில் அதனை வளர்த்தார். வெவ்வேறு கணினி முனைகளில் இருந்தோர், எழுத்துக்களைத் தட்டியே ஒரே கற்பனை உலகில் உலாவ அது வழிசெய்தது. இத்தகைய உலகங்களைக் காத்து நடத்துவோர்க்கு ‘மந்திரவாதிகள்’ என்பது பெயர். பிழை செய்தவரின் பாத்திரத்தைத் தேரையாக மாற்றிவிடுவது அவர்கள் கையிலிருந்த தண்டனை. நாளடைவில் ‘தேரையாக்குதல்’ என்ற சொல், ஒருவருடைய பாத்திரத்தை அடியோடு நீக்கிவிடுவதையே குறிக்கலாயிற்று.

இத்தண்டனையின் நியாயம் பற்றிய பெரும் விவாதம் ‘லம்டாமூ’ என்னும் உலகில் எழுந்தது. கலிபோர்னியாவில் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய பவெல் கேர்ட்டிஸ் அதனை 1990இல் தொடங்கினார். பல அறைகள் கொண்ட ஒரு பெரிய வீடே அதன் களம். குடிகள் பெருகப் பிணக்குகளும் பெருகின. 1992 டிசம்பரில் கேர்ட்டிஸ் ஓர் அறிவித்தலை விடுத்தார்: மந்திரவாதிகள் இனி இயந்திர வேலைகளை மட்டுமே கவனிப்பர், சமூகப் பிணக்குகளைக் குடிகள் தாமே தீர்த்துக்கொள்ளல் வேண்டும். ஆயின், எவ்வாறு தீர்ப்பது என்பதற்கு ஒரு வழியும் வகுக்கப்படவில்லை.

மூன்று மாதங்களின் பின், 1993 மார்ச் மாதத்தில், ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பாத்திரத்தை இயக்கியவர், பிறருடைய பாத்திரங்கள் இழிவான பாலியற் செயல்களைச் செய்வனபோல எழுத்துக்களைத் திரையில் வரச்செய்தார். பாதிக்கப்பட்டவருள் ஒருவர், அதனைக் கண்டித்து எழுதுகையில் உண்மையாகவே கண்ணீர் வடித்தார். பங்கிளைத் தேரையாக்குக என்னும் குரல் எழுந்தது. ஒருநாள் மாலை குடிகள் கூடினர். விதியில்லாத இடத்திலே தண்டனை தகுமா என்றனர் சிலர்; துன்புற்றவருக்கு மறுமொழி யாது என்றனர் வேறு சிலர். பங்கிளும் அங்கே வந்தார். மெய்வாழ்விற் பின்விளைவு ஏதுமற்ற ஒரு சோதனை என்பதே அவர் கூறிய விளக்கம். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. பின்னர் மந்திரவாதி ஒருவர், தம் மனச்சாட்சி ஒன்றையே துணையாகக் கொண்டு, தனித்து அப்பாத்திரத்தை நீக்கினார். 1993 டிசம்பரில் ஜூலியன் டிபெல் ‘வில்லேஜ் வொய்ஸ்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரை இதனை உலகறியச் செய்தது.

பங்கிள் விலக்கப்பட வேண்டியவரே எனப் பலரும் கருதினர். எனினும், இன்று ஒருவர் தனித்துச் செய்ததை நாளை இன்னொருவர் வெறுப்பினாற் செய்யலாமே என்ற அச்சம் எஞ்சியது. ஆகவே, மனுக் கொடுத்து வாக்கெடுக்கும் முறையைக் கேர்ட்டிஸ் ஏற்படுத்தினார். அவ்வழியே நடுவர் விசாரணையும் வந்தது. ஆயினும் பிணக்குகள் ஓயவில்லை. சமூக விடயங்களில் தலையிடாதிருத்தல் இயலாது என மந்திரவாதிகள் 1996இல் ஒப்புக்கொண்டனர். விதியும் வேண்டும், அதனைப் பொறுப்பேற்று நடத்துவோரும் வேண்டும் என்பதே இதிற் கிடைத்த படிப்பினை.

வாரம் ஒருமுறை ஐந்தாறு பேர் கூடும் சிறு குழுவுக்கு வாக்கெடுப்பு வேண்டியதில்லை. முதலில், விலக்குவதற்கான காரணத்தை வகைப்படுத்தல் வேண்டும். அடிக்கடி வாராதிருப்பது ஒன்று. சுவை மாறுபடுவது மற்றொன்று. பிறரைத் துன்புறுத்துவது மூன்றாவது. வாராதவருக்கு வீட்டிலே நோயாளி இருக்கலாம். இரவு வேலை கிடைத்திருக்கலாம். அவரிடம் விசாரித்து, விரும்பும்போது மீண்டும் வர இடம்வைப்பதே முறை. சுவை மாறுபட்டவர் குற்றவாளி அல்லர். போரை விரும்புபவரும் உரையாடலை விரும்புபவரும் ஓராட்டத்திற் பொருந்தாதிருப்பது இயல்பு. துன்புறுத்துபவர் திறத்திலோ தாமதம் கூடாது. முதலில் ஆட்டத்தை நிறுத்திப் பிறரைக் காத்து, அதன்பின் அவர் கூறுவதைக் கேட்டல் வேண்டும்.

ஏனைய இருவகையினர்க்கும் எச்சரிக்கை முந்தவேண்டும், விலக்கல் பிந்தவேண்டும். எச்சரிக்கையும் ‘ஒழுங்காக நடவும்’ என்ற பொதுச்சொல்லாக இருந்தாற் பயனில்லை. ‘பிறர் பேசி முடிக்குமுன் குறுக்கிடுகின்றீர்கள், அதனை நிறுத்துங்கள்’ எனக் குறிப்பாகச் சொன்னாலே ஒருவர் திருந்த வழியுண்டு.

திருந்தாவிடின், முடிவை ஆட்டத் தலைவரே தனிமையிற் சொல்லல் வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் சொல்வது விசாரணையன்று, அவமானம். சொல்லாமலே பெயரை நீக்குவதோ அதனினும் கொடிது. வழக்கமான மாலையில் வந்து பூட்டிய கதவைக் கண்டவர், தம் பிழை யாதென அறியாது பலநாள் வருந்துவார். காரணம் உண்மையாகவும் சுருக்கமாகவும் இருத்தல் நன்று. ஆட்டம் நின்றுவிட்டது எனப் பொய் கூறி, அவரின்றி மறைவில் தொடர்வது ஒருநாள் வெளிப்பட்டே தீரும். முடிவு உறுதியாயின், அது மாறும் என்ற வீண் நம்பிக்கையை ஊட்டலும் ஆகாது. மற்றையோர்க்கு, ‘அவர் இனி நம்முடன் ஆடமாட்டார்’ என்ற ஒரு வாக்கியம் போதும்.

அவருடைய பாத்திரத்தையும் மறத்தலாகாது. பல மாதம் ஒருவர் உயிரூட்டிய அம்மாந்தரைப் பழிவாங்கும் எண்ணத்தோடு கதையிற் கொன்றுவிடுதல் சிறுமை. தூரதேசப் பயணம் சென்றார் எனக் கதையை முடித்து, அவர் எழுதியவற்றின் பிரதியை அவருக்கே அனுப்பிவைத்தல் பண்பு.

வேடம் கற்பனை, வேடந்தாங்கியவர் கற்பனையல்லர். துன்புற்றவர்க்கும் விலக்கப்படுபவர்க்கும் இது பொதுவான உண்மை. இதனை நினைவிற் கொண்ட குழு, ஒருவரை வாயிலுக்கு வெளியே அனுப்பும்போதும் அவருடைய மதிப்பை உள்ளே பறித்து வைத்துக்கொள்ளாது.