கடையில் கிடைக்காத பொங்கல் வாழ்த்து

முன்பெல்லாம் மார்கழி பாதி ஆனதுமே கடை வாசலில் கயிறு கட்டி, சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்க விட்டிருப்பார்கள். கரும்பு, காளை, பொங்கல் பானை, பானைக்குப் பக்கத்தில் தலை நிறையப் பூவும் நெற்றியில் பொட்டுமாக ஒரு பெண். இல்லாவிட்டால் சினிமா நட்சத்திரங்கள். இப்போது வாழ்த்தெல்லாம் செல்போனில் வருகிறது. ஆனால் படம் மட்டும் மாறவில்லை! அதே பூ, அதே பொட்டு. கணவரை இழந்த பெண்ணுக்கு இதை எப்படி அனுப்புவது என்று நம்மில் பலரும் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

என் கணவரின் அக்கா தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். 2021-ல் அவர் கணவர் காலமானார். துக்க வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது, சரி. அதற்கப்புறமும் யாரும் வாழ்த்துச் சொல்வதாகத் தெரியவில்லை. "பொங்கப்படியெல்லாம் சுமங்கலிக்குத்தாம்மா" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிட்டார்கள். ஊரே மெச்சக் கோலம் போடுகிற மதினி, தன் கோல நோட்டை என் கையில் கொடுத்து, "இனி எனக்கு எதுக்குட்டி, நீ வச்சுக்கோ" என்றார். எனக்கு மனசு ஆறவே இல்லை. அந்த நோட்டை வைத்தே ஒரு அட்டை செய்து 2023 பொங்கலுக்கு அனுப்பினேன்.

செலவு ஒன்றும் பெரிசில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையில் அச்சில்லாத கெட்டிப் பக்கத்தை வெட்டிக்கொண்டேன். மைதாப் பசையை நீர்க்கக் காய்ச்சி, கோலத்துக்கு வாங்கிய காவிப் பொடியைக் குழைத்து, துணியால் மெல்லிசாகத் தேய்த்தேன். அசல் காவி அடித்த வாசல் மாதிரியே வந்தது. ஈரத்தில் அட்டை சுருளும், பயப்படாதீர்கள். காய்ந்த பிறகு ஒரு ராத்திரி அரிசி டின்னுக்கு அடியில் வைத்தால் நிமிர்ந்துவிடும். பிறகு வெள்ளை போஸ்டர் கலரில் ஊதுபத்திக் குச்சியைத் தொட்டு, 9 புள்ளி, 5 வரை இடைப்புள்ளி. அதன் மேல் மதினி நோட்டில் இருந்த கோலம். அரிசி மாவில் போட ஆசைதான், உதிர்ந்துவிடும்.

பூ ஒட்டுவதானால் பழைய நோட்டில் செய்தித்தாள் மடித்து, ஒரு வாரம் அழுத்தி வையுங்கள். சங்குப்பூவும் காகிதப்பூவும் நிறம் நிற்கும். மல்லிகை பழுப்பாகிவிடும். குழந்தைகள் கூட இருந்தால் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிக் கலரில் தொட்டு அச்சு குத்தச் சொல்லுங்கள், பூப்பூவாக விழும். மணி, கண்ணாடியெல்லாம் வேண்டாம். தபாலில் முத்திரை குத்தும்போது நொறுங்கும். எடையும் 20 கிராமைத் தாண்டினால் கூடுதல் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

உள்ளே என்ன எழுதுவது என்றுதான் இரண்டு நாள் யோசித்தேன். 'மங்களம் பொங்கட்டும்' என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில், "மதினி, பச்சரிசியும் பனங்கிழங்கும் வாங்கியாச்சு. பொங்கலன்னிக்கு எங்க வாசல்ல உங்க கோலம்தான். நடுவுல என்ன கலர் குடுக்கணும்னு சொல்லுங்க" என்று மட்டும் எழுதினேன்.

போன் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பொங்கல் கழிந்து நான்காம் நாள் தபாலில் ஒரு கவர். மதினிதான்! காலண்டர் அட்டையை வெட்டி, நோட்டில் இல்லாத புதுக் கோலம் ஒன்று போட்டிருந்தார். பின்னால், "நடுவுல மஞ்சள் குடு. நோட்ட வரும்போது கொண்டா, இத அதுல எழுதணும்" என்று இரண்டே வரி. அதைப் படித்த என் கணவர், அந்த வாரமே பொங்கப்படியோடு அக்காவைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், அது வேறு கதை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் எனக்கு ஒரு அட்டை வந்துவிடுகிறது. 2025-ல் வந்ததில் மயில். கண்ணுக்குக் கடுகு ஒட்டியிருந்தார். வழியில் அது உதிர்ந்து கவரின் மூலையில் கிடந்தது. தேடி எடுத்து, பசை தொட்டு நானே ஒட்டி வைத்தேன்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி