உறவும் தொழிலும்

ஐப்பசி கார்த்திகை மழையில் தஞ்சைச் சம்பா வயல்கள் நீரில் மூழ்குதல் நாம் கண்டறிந்ததே. மூழ்கிய பயிர் தலையை வெளியே நீட்ட முயன்று விரைந்து வளரும். சேமித்த மாவுச்சத்துத் தீர்ந்து, வெள்ளம் வடிந்ததும் சாய்ந்துவிடும். ஒடிசா நாட்டு எஃப்.ஆர்.13ஏ என்னும் நெல்லோ இரு வாரம்வரை நீருட் கிடந்தும் பிழைக்கும். அதற்குக் காரணமாகிய மரபணு 2006இல் கண்டறியப்பட்டுச் சப்-1ஏ எனப் பெயர் பெற்றது.

அதன் தொழிலை எங்ஙனம் உணர்ந்தனர்? அதன் எழுத்துக்கோவையை முன்னரே அறிந்த பிற பயிர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டனர். மூழ்கிய பயிருள் தேங்கும் எத்திலீன் வாயுவின் ஏவலுக்கு இணங்கும் குடும்பத்தது அஃது எனப் புலப்பட்டது. அக்குடும்பம் 1995இல் அறியப்பட்டதோ புகையிலையில்! ஆய்வகச் சுண்டெலியின் மரபணுக்களை மனிதருடையவற்றோடு ஒப்பிட்டுத் தொழில் குறிப்பதும் இம்முறையே.

ஆயினும் உறவு குடும்பத்தைக் காட்டுமேயன்றிச் செயலை முற்றக் காட்டாது. 2009இல் ஜப்பானியர் ஆழநீர் நெல்லிற் கண்ட ஸ்நார்க்கல் மரபணுக்களும் இக்குடும்பத்தனவே. அவை பயிரை நீட்டுகின்றன. சப்-1ஏ அடக்கிச் சத்தைக் காக்கின்றது. 'அவசரம்' நமக்கு விரைவு, தெலுங்கர்க்குத் தேவை, மலையாளிகட்கு வாய்ப்பு அன்றோ? ஆதலின் அம்மரபணுவை வெள்ளந் தாங்காத நெல்லிற் புகுத்தி மூழ்குவித்து, அது பிழைத்த பின்னரே தொழிலை உறுதி செய்தனர்.

பின்னர் இனக்கலப்பினாலேயே அது நம் உழவர் சம்பாவில் விதைக்கும் சி.ஆர்.1009 நெல்லிற் சேர்க்கப்பட்டது. இளம்பயிரை மூழ்குவிக்கும் வெள்ளத்தை அந்நெல் தாங்கும். கதிர் முற்றியபின் வரும் வெள்ளத்திற்கு அது மருந்தன்று.