உஷார்! சைட்டையும் ஃபோரத்தையும் ஒரே லாகினில் கட்டப் போகிறீர்களா?

வேர்ட்பிரஸ்ஸிலோ ஜூம்லாவிலோ சைட் நடத்துகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும்: பக்கத்திலேயே ஒரு ஃபோரம் வேண்டும், ஆனால் வாசகர் இரண்டு முறை லாகின் செய்யக் கூடாது. உடனே யாராவது இரண்டையும் இணைக்கும் ஒரு பிரிட்ஜ் பிளக்இன்னைக் கைகாட்டுவார்கள். அரை மணி நேர வேலை என்பார்கள். தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள். உங்கள் உறுப்பினர்களின் பாஸ்வேர்டும் மெயில் ஐடியும் தனிமடல்களும் அந்த அரை மணி நேர வேலையை நம்பித்தான் இனி இருக்கப் போகின்றன.

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் சைட்டில் நடந்ததைப் பாருங்கள். டவுன்லோடு லிங்க்கை யாரோ மாற்றிவிட்டார்கள். மின்ட் 17.3 சினமன் பதிப்பைத் தேடி வந்தவர்களுக்குப் பின்வாசல் வைத்த போலி ஐஎஸ்ஓ கிடைத்தது. தாக்கியவர்கள் நுழைந்தது வேர்ட்பிரஸ் வழியாக. அங்கிருந்து வெப் சர்வரின் கணக்கிலேயே கட்டளை இட ஒரு ஷெல் கிடைத்துவிட்டது. அதோடு ஃபோரத்தின் டேட்டாபேஸும் சேர்ந்து போனது. பெயர், மெயில், ஹேஷ் செய்த பாஸ்வேர்டு, ஒருவருக்கொருவர் அனுப்பிய தனிமடல்கள் எல்லாமே திருட்டுப் போயின.

இதில் மாயம் எதுவுமில்லை. வேர்ட்பிரஸ்ஸின் செட்டிங் ஃபைலிலும் சரி, பிஎச்பிபிபி ஃபோரத்தின் செட்டிங் ஃபைலிலும் சரி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே படிக்கிற மாதிரிதான் எழுதியிருக்கும். ஒரே சர்வரில், ஒரே பயனர் கணக்கில் இரண்டும் ஓடினால், ஒன்றில் நுழைந்தவனுக்கு மற்றதன் சாவியும் கையில். பிரிட்ஜ் போடுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் இரண்டையும் ஒரே டேட்டாபேஸில் வைத்து, டேபிள் பெயருக்கு முன்னால் வேறு வேறு எழுத்தைச் சேர்த்துவிட்டுப் பிரித்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். அந்த எழுத்து யாரையும் தடுக்காது. இரண்டு டேட்டாபேஸ், இரண்டு டேட்டாபேஸ் பயனர், முடிந்தால் இரண்டு சர்வர். இதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது ஆபத்து சத்தமில்லாமல் வரும். சில பிரிட்ஜ்கள் வேர்ட்பிரஸ்ஸின் பயனர் டேபிளை நேராகத் திறந்து, அங்கிருக்கும் ஹேஷோடு தாங்களே ஒப்பிட்டுப் பார்த்து லாகினை அனுமதிக்கின்றன. 2025 ஏப்ரலில் வந்த வேர்ட்பிரஸ் 6.8, பாஸ்வேர்டை ஹேஷ் செய்யும் முறையையே பழைய பிஎச்பாஸிலிருந்து பிகிரிப்ட்டுக்கு மாற்றியது. நல்ல மாற்றம், வர வேண்டிய மாற்றம். ஆனால் பழைய ஹேஷ்கள் ஒரே நாளில் மாறுவதில்லை. உறுப்பினர் அடுத்த முறை சைட்டில் லாகின் செய்யும்போதுதான் அவருடையது புது முறைக்குப் போகும். பழைய முறை மட்டுமே தெரிந்த பிரிட்ஜுக்கு அந்தப் புது ஹேஷ் புரியாது. ஆகவே அப்டேட் செய்த அன்று எல்லாம் சரியாக ஓடும். மறுநாள் ஒருவர் ஃபோரத்துக்குள் போக முடியவில்லை என்பார், அடுத்த வாரம் நான்கு பேர். பாஸ்வேர்டு மறந்திருப்பார்கள் என்று நீங்கள் ரீசெட் செய்து கொடுப்பீர்கள். அதனால் எந்தப் பயனும் இருக்காது. கடைசியில் அலுத்துப்போய் வேர்ட்பிரஸ்ஸைப் பழைய பதிப்புக்கே திருப்பிவிட்டு, அப்டேட்டையும் நிறுத்திவிடுவீர்கள். எனக்குப் பயம் அந்த முடிவைப் பார்த்துத்தான். ஒரு பிரிட்ஜுக்காக அப்டேட்டை நிறுத்திய சைட், ஒவ்வொரு மாதமும் கூடுதலாகத் திறந்துகொண்டே போகிறது.

சரி, வேறு வழி? பாஸ்வேர்டு ஒரே இடத்தில் இருக்கட்டும். ஃபோரம் அதைக் கேட்கவும் கூடாது, பார்க்கவும் கூடாது. இவர் இன்னார் என்று சைட் கையெழுத்திட்டு அனுப்பும் தகவலை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். இதன் அருமை தெரிய வேண்டுமானால் உபுண்டு இயங்குதளத்தின் ஃபோரத்துக்கு நேர்ந்த இரண்டு தாக்குதல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2013 ஜூலையில் சுமார் 18 லட்சம் பேரின் மெயிலும் பாஸ்வேர்டு ஹேஷும் போயின. 2016 ஜூலையில் மறுபடி நுழைந்தார்கள். ஃபோரம்ரன்னர் என்ற ஆட்-ஆனில் தெரிந்தே இருந்த ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தார்கள். 20 லட்சம் பேரின் பெயர், மெயில், ஐபி முகவரி போயின. ஆனால் பயன்படும் பாஸ்வேர்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. லாகின் உபுண்டுவின் தனி சேவையில் நடந்ததால், ஃபோரத்தின் பாஸ்வேர்டு கட்டத்தில் வெறும் தாறுமாறான எழுத்துகள்தான் இருந்தன.

அதற்காக இந்த வழியிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்காதீர்கள். டிஸ்கோர்ஸ் ஃபோரத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் சைட் அனுப்பும் மெயில் ஐடி ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது என்றுதான் அது எடுத்துக்கொள்கிறது. உங்கள் சைட்டோ, யார் எந்த மெயில் கொடுத்தாலும் உறுதிசெய்யாமல் கணக்குத் திறந்து விடுகிறது என்று வையுங்கள். ஒருவன் உங்கள் ஃபோரம் அட்மினின் மெயிலைக் கொடுத்து சைட்டில் புதுக் கணக்குத் திறக்கிறான். ஃபோரம் பக்கம் வருகிறான். அதே மெயிலில் இருக்கும் அட்மின் கணக்கோடு ஃபோரம் அவனை இணைத்து உள்ளே விட்டுவிடும். பாஸ்வேர்டு உடைக்கவில்லை, ஓட்டை தேடவில்லை. மெயிலை சைட்டிலேயே உறுதிசெய்யுங்கள். முடியாவிட்டால், இந்த மெயில் சரிபார்க்கப்படாதது என்று சொல்லும் குறியைக் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள். டிஸ்கோர்ஸ் அதற்கு வசதி வைத்திருக்கிறது. கையெழுத்துக்கான ரகசியச் சொல்லை நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாததாக வையுங்கள். அது கசிந்தால் யார் பெயரில் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

இப்போதே இரண்டையும் இணைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு டம்மி கணக்கில் இரண்டு பக்கமும் லாகின் செய்து, சைட்டில் மட்டும் அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள். பிறகு ஃபோரத்தில் ஒரு பதிவு போட்டுப் பாருங்கள். பல இடங்களில் போட முடியும்! சைட்டில் லாக்அவுட் செய்தாலும் ஃபோரத்தின் செஷன் தனியாக உயிரோடு இருக்கும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து வெளியேறிவிட்டதாக நினைத்து எழுந்து போகிற உறுப்பினரின் தனிமடல்களை அடுத்து வருகிறவர் படிக்கலாம். அதோடு, சைட்டில் எடிட்டராக இருப்பவர் ஃபோரத்தில் எந்தக் குழுவில் விழுகிறார் என்று பாருங்கள். அட்மின் என்று வந்தால், எதையும் யோசிக்காமல் பிரிட்ஜை அணைத்துவிட்டு, அட்மின் பாஸ்வேர்டுகளையும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள். உறுப்பினர்கள் சில நாள் இரண்டு முறை லாகின் செய்யட்டும்.