1969: நாம் போடாத ஓட்டு

1969 ஜூலையில் எங்கள் கண்டரமாணிக்கம் வீட்டில் அப்பச்சி இரும்புப் பெட்டியைத் திறந்து, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பங்குப் பத்திரங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்த வங்கி அது. ஜூலை 19 அன்று இந்திரா காந்தி அரசுடைமையாக்கிய 14 வங்கிகளில் அதுவும் ஒன்று. அப்பச்சிக்குத் தாங்கவில்லை. எனக்கோ அன்றும் இன்றும் அந்த முடிவு சரியென்றே படுகிறது.

ஆனால் அது வங்கியோடு முடிகிற விஷயமாக இல்லை. மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் காலமாகியிருந்தார். பெங்களூரில் கூடிய காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழு, இந்திராவின் விருப்பத்தை மீறி நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. அப்படி முடிவெடுத்தவர்களில் காமராஜரும் ஒருவர். 1966இல் இந்திராவைப் பிரதமராக்க முன்னின்றவரும் அவர்தான். துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி பதவியை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நின்றார். மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார் இந்திரா. தி.மு.க. கிரியை ஆதரித்தது.

ஓட்டுப் போட்டவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான். சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு மதிப்பு உண்டு; அதைக் கூட்டித்தான் எண்ணுவார்கள். ஆகஸ்ட் 20 எண்ணிக்கையில் முதல் விருப்பமாகக் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, இன்னொரு வேட்பாளரான சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169; யாரும் எட்டவில்லை. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்கள் சீட்டுகளை அடுத்த விருப்பத்தில் இருந்தவருக்கு மாற்றினார்கள். தேஷ்முக்கின் சீட்டுகளில் பெரும்பகுதி ரெட்டிக்குப் போய்ச் சேர்ந்தும் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. சுமார் 14,600 மதிப்பில் முடிவாகிவிட்டது. இந்தத் தேர்தலை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சி சொன்னார். மனு தள்ளுபடியானது.

நவம்பரில் காங்கிரஸ் உடைந்தது. பெரும்பான்மை இழந்த இந்திராவைத் தி.மு.க.வும் இடதுசாரிகளும் தாங்கிப் பிடித்தார்கள். 1971இல் முன்கூட்டியே மக்களவைத் தேர்தல் வந்தது. அவர் கட்சி 352 இடங்களை வென்றது. மூத்த தலைவர்கள் கூடி முடிவெடுத்த காலம் போய், பிரதமர் சொல்வதே கட்சி என்றானது. அதை நான் இழப்பு என்றே சொல்வேன். 1976இல் வந்த 42ஆவது திருத்தம், அமைச்சரவை சொற்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று எழுதியே வைத்தது.

நம் மாநிலத்தில் விளைவு இன்னும் ஆழம். 1971 சட்டமன்றத் தேர்தலில் இந்திரா காங்கிரஸ் ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை. மக்களவைக்கு மட்டும் தி.மு.க.வோடு உடன்பாடு. சட்டமன்றத்தில் தி.மு.க. 184 இடங்களைப் பிடித்தது. டெல்லிக்கு ஒரு கட்சி, கோட்டைக்கு ஒரு கட்சி என்ற கணக்கு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த ஆண்டுதான் வேர்விட்டது.