பறவைக்கு அடிக்காத ஷாக் யானையைக் கொன்றது ஏன்?

தர்மபுரி மாவட்டம், மாரண்டஅள்ளி. 2023 மார்ச் 7 அன்று, அந்தப் பகுதியில் விவசாய நிலம் ஒன்றில் சட்டவிரோதமாகப் போட்டிருந்த மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. அதே மாதம் கம்பைநல்லூர் அருகே, மேலே சென்ற மின்கம்பியில் உரசி இன்னொரு யானையும் பலியானது.

ஆனால், மின்கம்பியில் வரிசையாக உட்காரும் குருவிகளுக்கு ஒன்றும் ஆவதில்லையே, ஏன்? பள்ளியில் படிக்கும் ‘மின்சுற்று’ பாடத்திலேயே விடை இருக்கிறது.

சுற்று முடிந்தால்தான் கரண்ட்!

டார்ச் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் ஒரு முனையில் கிளம்பும் மின்சாரம், பல்பு வழியாகப் போய் மறுமுனைக்குத் திரும்ப வேண்டும். நடுவில் ஓர் இடைவெளி விழுந்தாலும் பல்பு எரியாது. ஸ்விட்ச் செய்யும் வேலை இதுதான்.

மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் மற்றதும் புரியும். தொட்டியின் உயரம்தான் மின்னழுத்தம் (வோல்ட்). குழாயில் ஓடும் நீரின் அளவு மின்னோட்டம் (ஆம்பியர்). குழாய் குறுகலாக இருந்தால் நீர் குறைகிறதே, அது மின்தடை (ஓம்). இந்த மூன்றுக்கும் உள்ள உறவை ஜெர்மனியின் ஜார்ஜ் ஓம் 1827-ல் வெளியிட்டார். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். 3 வோல்ட் பேட்டரியில் 10 ஓம் பல்பைப் போட்டால், 0.3 ஆம்பியர் ஓடும்.

குருவியின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில் இருக்கின்றன. கால்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாததால், அதன் உடலில் கரண்ட் பாய்வதில்லை. யானையின் கால்களோ தரையில் இருக்கின்றன. நம் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் கம்பியைப் பூமியோடு இணைத்திருப்பார்கள். எனவே, மண்ணே மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதையாகிவிடுகிறது. யானை கம்பியைத் தொட்டதும் சுற்று முடிந்துவிடுகிறது.

ஃபியூஸ் காப்பாற்றாதா?

ஈரமான உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கணக்குப் போட்டால் 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி இதற்கு அசையாது! ஃபியூஸும் எம்.சி.பியும் ஒயர் எரிந்துவிடாமல் காக்க வந்தவை. நம் உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமா என்று பார்த்து, 0.03 ஆம்பியர் குறைந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

சோலார் வேலியில் சில ஆயிரம் வோல்ட் இருந்தாலும் விலங்குகள் சாவதில்லை. காரணம், சுமார் ஒரு நொடிக்கு ஒரு முறை, அதுவும் நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டுமே கரண்ட் வரும். விலங்கு சுரீரென்று உணர்ந்து விலகிவிடும். மெயின் லைனில் கொக்கி போட்ட வேலியில் கரண்ட் நிற்காமல் பாயும்; தசைகள் இறுகி, விலகவே விடாது. தமிழகத்தில் மின்வேலிகளைப் பதிவுசெய்ய 2023-ல் தனி விதிகளே வந்துவிட்டன. பயிரைக் காக்க மெயின் கரண்ட்டை வேலியில் விட்டால், மாட்டிக்கொள்வது பன்றி, யானை மட்டுமல்ல. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.

மறக்காதீர்கள்

* பிள்ளைகளின் மின்சுற்றுச் சோதனைகள் டார்ச் பேட்டரியில் மட்டுமே. பிளக் பாயின்ட் பக்கம் போகவே கூடாது.

* ஈரக் கையோடும் வெறுங்காலோடும் ஸ்விட்ச், மோட்டார் எதையும் தொடாதீர்கள்.

* மின்கம்பத்தில் துணிக்கொடி, ஆடு மாடு கட்டாதீர்கள்.

* ஒருவருக்கு ஷாக் அடித்தால், முதலில் மெயினை அணையுங்கள். அதன் பிறகே அவரைத் தொடுங்கள்.

* கம்பி தாழ்வாகத் தொங்கினால், மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.